தரைக்கு ஒரு கட்டம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் எனக்கு எப்போதும் இடது பக்க ஜன்னல்தான் வேண்டும். விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மின்சாரக் கம்பி சாலையை விட்டு விலகி ஏரிக்கரை ஓரமாக வயலுக்குள் இறங்கும் இடம் ஒன்று வரும். அங்கே வந்ததும் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். என் மனைவிக்கு இது பழகிவிட்டது. "பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிப்பாள். பார்த்தாச்சு. கம்பம் இருக்கிறது, கம்பி இருக்கிறது. கம்பத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் மழையில் கரைந்து போய்விட்டன. கீழே உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் படித்த அந்தோணிசாமியும் இல்லை.

அவனைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. எழுத நானும் யோக்கியமான ஆள் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது. நான் அவனை வாடா போடா என்றதில்லை. ஆனால் வா, போ என்றுதான் பேசினேன். அவன் என்னை ரைட்டரய்யா என்பான். இப்போது 'அவர்' என்று மரியாதையாக எழுதலாம்தான். எழுதினால் அன்றைக்கு நான் நடந்துகொண்டதைப் பூசி மெழுகினதாக ஆகிவிடும். ஆகவே அவன் என்றே இருக்கட்டும்.

அவனுக்குச் சொந்த ஊர் காணைப் பக்கம். அப்பன் பாட்டன் காலம் தொட்டு அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலி வேலை. முப்பதுகளின் கடைசியில் மேட்டூர் மின்சாரம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தபோது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எங்கள் கம்பெனி கம்பி இழுத்தது. கம்பம் நடக் குழி வெட்ட வந்தவர்களில் அந்தோணிசாமியும் ஒருவன். ஒரு நாள் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில், "அந்த மூணாவது கம்பத்துப் பீங்கான்ல விரிசல் கீதுங்க" என்றான். அங்கிருந்து மூன்றாவது கம்பமே எங்களுக்கு ஒரு குச்சியாகத்தான் தெரிந்தது. மேஸ்திரி சிரித்தார். ஆனாலும் ஆள் ஏற்றிப் பார்த்தார். மயிரிழை அளவுக்கு விரிசல் இருந்தது.

அந்தக் கண்ணுக்காகவே அவனை லைன் வாச்சராக எடுத்தார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். கம்பெனியின் விழுப்புரம் ஆபீசில் அப்போது நான்தான் டைப்பிஸ்டு, குமாஸ்தா எல்லாம். அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவன். நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். காக்கிக் கோட்டு ஒன்று கொடுத்தார்கள், பித்தளைப் பொத்தான் வைத்தது. அவன் குடும்பத்தில் கோட்டுப் போட்ட முதல் ஆள் அவன்தான். சித்திரை வெயிலிலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போவான். அவன் பெண்சாதி சவுரியம்மாள் ஒரு தடவை என்னிடமே சொன்னாள்: "எங்கிட்ட இருக்கறதவிட அந்தக் கோட்டுகிட்டதாங்க அதிகமா குடும்பம் நடத்துது."

நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை எண்ணெய் ஆலைகள், அதாவது வேர்க்கடலை எண்ணெய் ஆலைகள், ராப்பகலாக ஓடின. எல்லோருக்கும் மின்சாரம் வேண்டும், கூடுதலாக வேண்டும். இரண்டாவது கம்பி இழுக்கலாம் என்றால் செம்பு யுத்தத்துக்குப் போய்விட்டது. இருக்கிற கம்பியில்தான் அதிகம் அனுப்பியாக வேண்டும்.

அதில் என்ன கஷ்டம் என்பதை எங்கள் என்ஜினியர் எனக்கு ஒரு தடவை விளக்கினார். மின்சாரம் கூடினால் கம்பி சூடாகும். சூடானால் நீளும். நீண்டால் ஈரத் துணி போட்ட கொடி மாதிரி நடுவில் தொய்ந்து இறங்கும். இறங்கினால் கீழே போகிறவருக்கு ஆபத்து. அதனால் ஒரு கம்பியில் இவ்வளவுதான் போகலாம் என்று சர்க்கார் ஓர் அளவு வைத்திருந்தது. எங்கள் என்ஜினியர் வெளிநாட்டுப் பத்திரிகை ஏதோ படித்துவிட்டு, புது மாதிரிப் பிடிகளைப் போட்டுக் கம்பியை இறுக்கிக் கட்டி, தொய்வைக் கண்ணெதிரே கவனித்துக்கொண்டே இருந்தால், அதே கம்பியில் ஒன்றரை மடங்கு அனுப்பலாம் என்று எழுதிப் போட்டார். அவர் கெட்டிக்காரர். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

மின்சார இன்ஸ்பெக்டர் சக்கரபாணி என்பவர் அதற்கு மூன்று மாத அனுமதி கொடுத்தார், பங்குனியிலிருந்து வைகாசி முடிய. வெயிலில் தேறினால் எப்போதும் தேறும் என்பது அவர் எண்ணம். நிபந்தனை ஒன்றுதான்: கம்பி எங்கெங்கே பாதையைக் கடக்கிறதோ, அங்கெல்லாம் எந்த வெயிலிலும் தரைக்கு மேல் இருபது அடி இருக்க வேண்டும். ஆள் வைத்துத் தினமும் மூன்று வேளை பார்க்க வேண்டும். இருபதுக்குக் கீழே வந்தால் உடனே போன் செய்து மின்சாரத்தைக் குறைக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் போனால் ஜில்லா முழுவதற்கும் அனுமதி.

அப்படிப்பட்ட ஐந்து இடங்களில் ஒன்று ஆலங்கொல்லை வண்டிப்பாதை. நான் சொன்ன ஏரிக்கரை அதுதான். அதை அந்தோணிசாமிக்குக் கொடுத்தார்கள். மாசி மாதத்தில் என்ஜினியரே வந்து ஏற்பாடு செய்தார். பாதைக்கு வடக்கே இருந்த கம்பத்தில் அரை அடிக்கு ஒன்றாக வெள்ளைக் கோடு. தெற்கே இருந்த கம்பத்தடியில் உட்காரக் கல், அதன் முன்னால் துளை போட்ட பலகை. துளை வழியாகப் பார்த்தால், தொங்கும் கம்பியின் வயிறு எந்தக் கோட்டில் படுகிறதோ அதுதான் உயரம். தரை மட்டத்துக்கு அடையாளமாகப் பாதை ஓரத்தில் உளி அடித்த கல் ஒன்றையும் புதைத்தார். அதற்கு அளவுக்கல் என்று பெயர். அதன் தலையிலிருந்து எண்ணித்தான் கோடுகள் போட்டது.

வாச்சர்கள் எழுத வேண்டிய பாரத்தைத் தயாரித்தவன் நான். தேதி, வேளை, கோடு, வெயிலா மேகமா, காற்று, கையெழுத்து என்று ஆறு கட்டம். ஸ்கேல் வைத்து ஸ்டென்சிலில் கோடு கிழித்தேன். அழகாக வந்திருந்தது. என்ஜினியர் பார்த்துவிட்டு "சபாஷ் சீனுவாசன்" என்றார். அதை நான் வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

சனிக்கிழமைதோறும் சைக்கிளில் போய்ப் பாரங்களை வாங்கி வருவது என் வேலை. ஐந்து இடத்திலும் ஆலங்கொல்லைதான் எனக்குப் பிடித்த இடம். அந்தப் பங்குனி மாதத்துச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது. ஏரியில் கடைசித் தண்ணீர் பளபளக்கும். நாரைகள் நிற்கும். புளியமரத்து நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் கம்பி மெல்ல ரீங்காரம் இடுவது காதில் விழும். மத்தியானம் சவுரியம்மாள் கேப்பைக் கூழ் கொண்டு வருவாள். எனக்கு வறுத்த மல்லாட்டை தனியாக மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். மல்லாட்டையை வாங்கித் தின்பேன். கூழ் வேண்டாம் என்பேன். ஏன் வேண்டாம் என்று அவர்கள் கேட்டதில்லை. அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கம்பி இன்னிக்கு எப்படி அந்தோணி?" என்பேன்.

"காலைல இருவத்தி மூணுங்க. உச்சில இருவத்தொண்ணரை. மூணு மணிக்குத்தாங்க ரொம்ப எறங்குது. அப்பறம் பொழுது சாயச் சாய ஏறிக்குது. கோழி மாதிரிங்க, சாயந்தரம் ஆனா தானா கூண்டுல ஏறிடும்."

இருபதுக்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. என்ஜினியர் வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

சித்திரையில் ஏரி காய்ந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஏரி காய்ந்தால் வண்டல் அடிப்பார்கள். அடியில் படிந்த மண்ணை வெட்டி வண்டியில் ஏற்றி நிலத்தில் கொட்டுவார்கள். அடுத்த போகத்துக்கு அதுதான் எரு. ஆலங்கொல்லையில் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் நாள் வெட்டுகிற மண்ணை யாரும் தன் நிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அது பாதைக்கு. ஐப்பசி மழையில் கரைந்து பள்ளமான வண்டிப்பாதையை முதல் நாள் மண்ணால் தூர்த்து மேடாக்கிய பிறகுதான் மற்ற வண்டி நகரும். அந்த வருஷம் பள்ளம் அதிகம் என்று இரண்டு நாள் மண்ணைக் கொட்டினார்கள். எங்கே? சரியாகக் கம்பிக்குக் கீழே.

எங்கள் என்ஜினியர் மாசியில் வந்தவர். மாசியில் பார்த்த தரைதான் தரை என்று நினைத்துவிட்டார். நானும் இந்த ஊர்க்காரன்தான்; வண்டல் அடிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன்தான். எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தோணிசாமி கொடுத்த பாரத்தில் கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் கோணல் எழுத்தில் ஏதோ கிறுக்கியிருந்தது. 'தரை ரெண்டு அடிக்கு மேல ஏறி இருக்கு. கல்லு மூடி போச்சு.'

"இது என்ன?"

"தரைங்க ஐயா. மண்ணு கொட்டிட்டாங்க. நான் கம்பியத்தான பாக்கறேன், கம்பி இருவதரைன்னு கோடு சொல்லுது. ஆனா தரை மேல வந்துக்கினு இருக்குதே. இதுல எழுத எடமில்லீங்க."

"இடம் இல்லைன்னா எழுதாதே. கட்டத்துல இருக்கறதை மட்டும் நிரப்பு."

"தரைக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுத்துடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. என்ஜினியர் சபாஷ் சொன்ன பாரத்தில் ஒரு வாச்சர் குறை சொல்கிறானே என்ற கோபம். "கட்டம் போடறது என் வேலை, நிரப்பறது உன் வேலை. ஜாஸ்தி பேசாதே" என்றேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆபீசுக்கு வந்து, ஓரத்துக் கிறுக்கலை விட்டுவிட்டு, பாரத்தைச் சுத்தமாக நகல் எடுத்தேன். பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். என்ஜினியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்; அன்றைக்கு அவர் எரிச்சலில் இருந்தார். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன், மறுநாள் மறந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமையும் ஓரத்தில் அதே எழுத்து. அதற்கடுத்த சனிக்கிழமையும். நான்கு தடவை எழுதினான். நான்கு தடவையும் கிழித்தேன்.

வைகாசி பிறந்ததும் கூரை வேயும் வேலை ஆரம்பித்தது. கரும்பின் காய்ந்த தோகையை, எங்கள் பக்கம் சோகை என்போம், வண்டியில் மலைபோல ஏற்றிக்கொண்டு போவார்கள். பாரம் சரியாமல் இருக்க உச்சியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான், கையில் கவைக்கழியோடு. மேட்டில் ஏறி இறங்கும்போது அவன் எழுந்து நின்று, கழியை ஊன்றிப் பாரத்தை மிதித்துச் சமன் செய்ய வேண்டும். அந்த மேடு கம்பிக்கு நேர் கீழே. ஆலங்கொல்லைப் பெரிய குடித்தனக்காரர் துரைக்கண்ணுவின் வண்டியில் அப்படி நின்றவன் முத்துசாமி. கூலிக்காரன், அந்தோணிசாமிக்குச் சேக்காளி.

அந்தோணிசாமி முதல் வண்டியையே மறித்தான்.

"ஆண்டே, முத்துசாமிய எறங்கி நடந்து வரச் சொல்லுங்க. கம்பி தாழ இருக்குது. அந்தாண்ட போயி ஏறிக்கட்டும்."

துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. ஆனால் கொல்லையில் கூலி செய்தவர் வீட்டுப் பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு தன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும் என்று அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். "ஏண்டா, எங்க தாத்தன் காலத்துப் பாதை இது. உங்க கம்பி நேத்து வந்துச்சு. தாழ இருந்தா தூக்கிக் கட்டச் சொல்லு போ" என்றாராம்.

அந்தோணிசாமி கயிற்றை விடவில்லை. முத்துசாமி இறங்கி நடந்தான். இப்படி வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தினான். ஆறாம் நாள் மிதிக்க ஆள் இல்லாமல் ஒரு பாரம் மேட்டில் சரிந்து, அச்சு முறிந்தது. துரைக்கண்ணு நேராக விழுப்புரம் வந்து என்ஜினியரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, "இன்ஸ்பெக்டர் வந்துபோகட்டும், அப்புறம் இவனைக் கவனிக்கிறேன். இனிமேல் வண்டி மேல் கை வைத்தால் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்" என்றார். போய்ச் சொன்னேன்.

"சரிங்க. கை வெக்கல. கை வெக்காம கூவுறேன்" என்றான் அந்தோணிசாமி. அன்றிலிருந்து வண்டி வருவதைக் கண்டால் கல்லின் மேல் ஏறி நின்று, "முத்துசாமி, குந்துடா, குந்து" என்று தொண்டை கிழியக் கத்துவான். முத்துசாமி சில சமயம் உட்காருவான். சில சமயம் பாரம் ஆடும், உட்கார முடியாது.

இன்ஸ்பெக்டர் சக்கரபாணி ஒரு வியாழக்கிழமை வந்தார். காலையில் திண்டிவனம் பங்களாவில் பாரங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார். என் நகல்கள். அடித்தல் திருத்தல் இல்லாமல், அச்சடித்த மாதிரி. ஒரு நாளும் இருபதுக்குக் கீழே இல்லை. உத்தரவு எழுதிக் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. "ஓர் இடத்தை நேரில் பார்த்துவிட்டுப் போட்டுவிடுகிறேன். ஐந்தரை ரயிலுக்கு விக்கிரவாண்டியில் விட்டுவிடுங்கள்" என்றார். வழியில் இருந்த இடம் ஆலங்கொல்லை. காரில் முன்சீட்டில் நானும் போனேன், பாரக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அனல் பறந்தது. அந்தோணிசாமி கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நின்றான். மேட்டுக்கு அந்தப் பக்கம் துரைக்கண்ணுவின் வண்டி ஒன்று சோகையோடு நின்றது. கார் வழியை அடைத்ததால் காத்திருந்தார்கள். உச்சியில் முத்துசாமி, மாட்டருகே துரைக்கண்ணு.

இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, தானே கல்லில் உட்கார்ந்து துளை வழியாகப் பார்த்தார். "இருபதரை. சரியாகத்தானே இருக்கிறது" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். என்ஜினியர் பேனாவை நீட்டினார்.

அப்போது அந்தோணிசாமி ஓர் அடி முன்னால் வந்தான். "ஐயா, கம்பி சரிங்க. தரை சரியில்லீங்க."

என்ஜினியர், "இவன் மேல் ஏற்கெனவே புகார் இருக்கிறது சார், வண்டிகளை மறிக்கிறான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். "தரைக்கு என்ன?"

"சித்திரைல மண்ணு கொட்டினாங்க. அளவுக்கல்லு உள்ள போயிடுச்சுங்க. கோடு அந்தக் கல்லுலேர்ந்துதான் எண்ணுது. வண்டி மண்ணு மேலதான போவுது."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இது பாரத்தில் வந்ததா?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை நான் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டு, எத்தனையோ விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான். "இல்லை சார். அப்படி எதுவும் எழுதி வரவில்லை."

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அது பொய். யோசித்துத்தான் சொன்னேன். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"ஏன் எழுதவில்லை?" என்று இன்ஸ்பெக்டர் அவனைக் கேட்டார்.

அந்தோணிசாமி என்னைப் பார்த்தான். நான் அவன் பொத்தானைப் பார்த்தேன். பிறகு அவன் தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தான். வடக்குக் கம்பத்துக் கோட்டைப் பார்த்தான்.

"நான் எழுதலீங்க. தப்புதாங்க" என்றான். "மணி மூணேகால் ஆவுதுங்க. ஒரு மம்முட்டி குடுத்தா கல்லக் காட்டிடறேன்."

துரைக்கண்ணுவின் வண்டியில் மண்வெட்டி இருந்தது. முத்துசாமி அதைத் தூக்கிப் போட்டான். அந்தோணிசாமி கோட்டைக் கழற்றினான். மடித்து, சுற்றும் முற்றும் பார்த்து, என் கையில் கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். பாதை ஓரத்தில் ஓர் இடத்தைக் காலால் தேய்த்துவிட்டு வெட்ட ஆரம்பித்தான். தேடவே இல்லை, கல் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு வெட்டில் டங்கென்று சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டரே குனிந்து டேப்பைப் பிடித்தார். கல்லின் தலையிலிருந்து பாதை மட்டம் வரை இரண்டடி நாலு அங்குலம். இருபதரையில் அதைக் கழித்தால் பதினெட்டடி இரண்டு அங்குலம். அவர் நிமிர்ந்து வண்டி உச்சியைப் பார்த்தார்.

"நீ மேட்டில் ஏறும்போது எப்படி நிற்பாய்? நின்று காட்டு."

வண்டி கம்பிக்கு நாற்பதடி தள்ளி நின்றிருந்தது. முத்துசாமி எழுந்து, கவைக்கழியை நட்டமாகப் பிடித்து, ஒரு கையை அதன் மேல் வைத்து நின்றான். டேப்பின் நுனியை அவன் மேலே பிடிக்க, கீழே என்ஜினியர் தரையில் வைத்தார். பதினேழடி எட்டு அங்குலம். கம்பிக்கும் கழி நுனிக்கும் நடுவில் இருந்தது அரை அடிதான்.

துரைக்கண்ணு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "முத்துசாமி, எறங்கு" என்றார். "எறங்கி மெதுவா நடந்து வாடா."

இன்ஸ்பெக்டர் காரில் உட்கார்ந்து உத்தரவைத் திருத்தி எழுதினார். நல்ல மனிதர், புது முறையை அவர் குப்பையில் போடவில்லை. கம்பத்தை உயர்த்தும் வரை ஆலங்கொல்லை வழியாகப் போகும் மின்சாரம் பழைய அளவுக்குக் குறைய வேண்டும். எல்லா இடத்திலும் கம்பியின் உயரத்தோடு தரையின் உயரத்தையும் தினமும் அளந்து எழுத வேண்டும். அது இருந்தால்தான் ஜில்லாவுக்கு அனுமதி. கடைசியில் ஒரு வரி: தரை ஏறியதை அறிக்கையில் எழுதத் தவறிய வாச்சர் மீது கம்பெனி தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவனும் நான்தான்.

கம்பெனி தக்க நடவடிக்கை எடுத்தது. விசிலையும் சாவியையும் ஒப்படைக்க அவன் விழுப்புரம் ஆபீசுக்கு வந்தான், சவுரியம்மாளோடு. கோட்டு என்னிடமே தங்கிவிட்டிருந்தது. வாசல் வேப்பமரத்தடியில் அவனைத் தனியாகப் பிடித்து, "ஏன் அப்படிச் சொன்னே? நாலு தடவை எழுதினேன்னு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். அதைக் கேட்கவும் எனக்கு வாய் வந்தது பாருங்கள்.

"சொல்லியிருக்கலாங்க. நான் எழுதனேன்னுவேன், நீங்க இல்லன்னுவீங்க. பேப்பரப் பத்தி பேசிக்கினே இருப்பாங்க. அஞ்சு மணி ஆயிடும். அஞ்சு மணிக்குக் கம்பி இருவத்தி மூணுக்குப் போயிடுங்க. அப்ப மண்ண வெட்டிக் காட்டினாக்கூட இருவதுக்கு மேலதான் வரும். ஐயா கையெழுத்துப் போட்டுட்டு ரயில் ஏறிடுவாரு." விசிலையும் சாவியையும் என்னிடம் நீட்டினான். "அதாங்க. வேற ஒண்ணுமில்ல."

என்னைக் காப்பாற்ற அவன் அதைச் செய்யவில்லை. அது இன்னும் நன்றாகவே என்னைச் சுட்டது. அவன் கணக்கில் அந்த நேரத்தில் நான் ஓர் இடைஞ்சல், அவ்வளவுதான்.

சவுரியம்மாள் என்னிடம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். போகும்போது திரும்பி வந்து மடியை அவிழ்த்தாள். "மல்லாட்டை கொஞ்சம் இருக்குதுங்க. வறுத்ததுதான்" என்று என் கையில் கொட்டிவிட்டுப் போனாள். ஒரு கை நிறைய இருந்தது. நான் அதைத் தின்னவில்லை, எறியவும் முடியவில்லை. மேஜை இழுப்பறையிலேயே வெகுநாள் கிடந்து பூச்சி பிடித்தது.

இன்ஸ்பெக்டருக்கு உண்மையை எழுதிவிட வேண்டும் என்று இரண்டு கடிதம் டைப் அடித்தேன். நகல் எடுத்ததும் கிழித்ததும் எல்லாம் ஒப்புக்கொண்டு, சுத்தமாக. இரண்டையும் தபாலில் போடவில்லை. பிள்ளை பிறந்திருந்த சமயம், யுத்த காலம், இன்னொரு வேலை கிடைக்காது என்று எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் எனக்குச் சம்பள உயர்வு வந்தது.

புதுப் பாரத்தில் ஏழு கட்டம். மூன்றாவது 'கம்பி', நான்காவது 'தரை'. ஜில்லா முழுவதும் அதுதான் போயிற்று. ஒவ்வொரு ஸ்டென்சிலிலும் அந்த நான்காவது கோட்டையும் ஸ்கேல் வைத்து நானே கிழித்தேன். சபாஷ் யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தேழு வைகாசியில் ஒரு வேலையாக ஆலங்கொல்லை வழியே சைக்கிளில் போனேன். ஏரியில் வண்டல் அடித்து முடித்திருந்தார்கள். பாதை மேடாக இருந்தது. கம்பமும் புதிதாக, உயரமாக இருந்தது. சோகை ஏற்றிய வண்டி ஒன்று எதிரே வந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். துரைக்கண்ணுவின் வண்டி. முத்துசாமி மாடுகளைப் பிடித்துக்கொண்டு வந்தான். உச்சியில் கவைக்கழியோடு உட்கார்ந்திருந்தவன் அந்தோணிசாமி.

வெற்றுடம்பு. தலையில் முண்டாசு. தாடையில் நரை தட்டியிருந்தது. என்னைக் கண்டுகொண்டான். வண்டி மேட்டில் ஏறியதும் எழுந்து நின்றான், கழியை ஊன்றிப் பாரத்தை மிதித்தான். அவன் தலைக்கு மேல், கழிக்கு மேல், எட்டாத உயரத்தில் கம்பி போயிற்று. அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டே வடக்குக் கம்பத்தின் கோடுகளை ஒரு தடவை பார்த்தான். பழக்கம் போகவில்லை.

"இருவத்தி மூணரைங்க, ரைட்டரய்யா" என்றான் மேலிருந்து. "தரைய அளக்கறாங்களா?"

"அளக்கறாங்க."

"கட்டம் இருக்குதா?"

"இருக்கு. நாலாவது கட்டம்."

"அப்ப சரிங்க" என்றான்.

சொல்லியிருக்கலாம். மன்னிச்சுக்கோ அந்தோணி என்று ஒரு வார்த்தை. பாதையில் அவனும் நானும் முத்துசாமியும் தவிர யாரும் இல்லை. நான் சைக்கிள் மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி மேட்டை விட்டு இறங்கியதும் அவன் உட்கார்ந்துகொண்டான். சோகை மறைத்துவிட்டது. மறு வருஷம் மாரில் சளி கட்டி இறந்துபோனான் என்று கேள்விப்பட்டேன். சவுரியம்மாள் காணைக்கே போய்விட்டாளாம்.

அந்தக் காக்கிக் கோட்டை நான் கம்பெனியில் ஒப்படைக்கவே இல்லை. இப்போதும் என் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.